பொழுதுபோக்கு: பாறை ஏறுதல்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். மைமூன் சொன்னது நாலே நாலுதான். மகன் ரமீஸின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், கோபமே வராது, நன்றாகச் சமைப்பான், பொழுதுபோக்கு பாறை ஏறுதல். மிச்சப் பொய்களுக்கு இன்னும் ஏகப்பட்ட இடமிருக்கிறது என்ற திருப்தியோடு பயோடேட்டாவைப் வரன் தேடும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

நாலாவது பொய்க்கு ஆதாரம் வேறு வைத்திருந்தாள். ரமீஸ் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனி ஊழியர்களையெல்லாம் ஒருமுறை செயற்கைப் பாறைச் சுவர் ஏறக் கூட்டிப்போயிருந்தது. அங்கே தலைக்கவசத்தோடு நின்று அவன் எடுத்துக்கொண்ட படம். அன்று முழுக்க மற்றவர்களின் பைகளுக்குக் காவலாகக் கீழேயே நின்றான் என்பது படத்தில் தெரியாது. முப்பத்திரண்டு வயதில் அவன் மாடிப்படியில் கால் வைக்க வேண்டுமென்றால் குடியிருக்கும் அடுக்குமாடி ப்ளோக்கில் தீப்பிடிக்க வேண்டும்.

இதுவரை ஏழு வீட்டில் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஏழாவது வீட்டார் காரணம்கூடச் சொல்லவில்லை. “இன்னும் ஒண்ணுதான் உம்மா. இதுவும் சரிப்படலன்னா என்ன விட்டுடுங்க” என்று ரமீஸ் சொன்னதிலிருந்து மைமூனுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னதைச் செய்கிறவன் அவன். பயோடேட்டாவில் அவள் எழுதாமல் விட்ட உண்மை அது.

எட்டாவது பெண் யும்னா. செம்பவாங்கில் வீடு, பிசியோதெரபி வேலை, வார இறுதியில் பாறை ஏறக் கற்றுக்கொடுப்பவள். இருபது பயோடேட்டாவைத் தள்ளிவிட்டு இதை மட்டும் பொறுக்கி எடுத்ததற்கு அந்த நாலாவது பொய்தான் காரணம். பெண் பார்க்க வீட்டுக்கு வர வேண்டாம், ஞாயிறு காலை டெய்ரி ஃபார்ம் பூங்காவுக்கு வாருங்கள், மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு, பழைய கல்குவாரியில் கயிறு போட்டு ஏறலாம் என்று சொல்லியனுப்பினாள்.

“உண்மையச் சொல்லிடலாமா உம்மா?” என்றான் ரமீஸ்.

“நீ சும்மா வா. நான் பேசிக்கிறேன்.”

வெறுங்கையோடு எப்படிப் போவது? மைமூன் ஜரிகை வைத்த சல்வாரும் புதுக் காலணியுமாக, சிவப்பு பிளாஸ்டிக் பையில் இறால் பதித்துப் பொரித்த முப்பது வாடாவைச் சுமந்துகொண்டு வந்தாள். யும்னாவின் தாய் ஆஸ்மா விவரமானவள். அடிவாரத்திலேயே பெஞ்சு தேடி உட்கார்ந்துவிட்டாள். “நீங்க போயிட்டு வாங்க. என் முட்டிக்கு ரோஷமே கிடையாது.”

பாதை செங்குத்து. மரப்படிகள் முடிந்தால் வேர்கள், வேர்கள் முடிந்தால் மறுபடியும் படிகள். இடையில் மரங்கள் விலகிய ஓரிடத்தில் கீழே காடு பச்சையாகப் பரந்து கிடந்தது, அதற்கப்பால் அடுக்குமாடி வீடுகள் வெயிலில் மின்னின. “வியூ எப்படி?” என்று யும்னா கேட்டாள். மூச்சு இருப்பவர்கள் பதில் சொல்லலாம். ரமீஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

“ரமீஸ், எவ்வளவு கஷ்டமான பாறை, எந்த கிரேட் வரைக்கும் ஏறுவீங்க?”

“எல்லாக் கிரேடும் ஏறுவாம்மா” என்றாள் மைமூன்.

“எங்க ப்ராக்டீஸ் பண்றீங்க?”

“வீட்டுலயே பண்ணுவான்.”

“மாமி, செங்காங்ல நாலு ரூம் வீட்டுல எப்படி?”

மைமூன் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரங்கு அவளைக் காப்பாற்றியது. மரத்திலிருந்து நிதானமாக இறங்கி வந்து, சிவப்புப் பையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே போயிற்று. பிளாஸ்டிக் பை கொண்டுவர வேண்டாம் என்று யும்னா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். விடியற்காலையில் எழுந்து சுட்ட வாடாவை ஒரு குரங்குக் குடும்பம் இறால் இறாலாகப் பொறுக்கித் தின்பதைப் பார்த்தபோது மைமூனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு அதோடு அறுந்ததில் அல்லாஹ்வுக்கு ஒரு நன்றியும் சொல்லிக்கொண்டாள்.

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிக் குவாரிக்கு வந்தார்கள். பாறை நேராக வானத்தைப் பார்த்து நின்றது. யும்னாவின் தோழன் கீத் மேலே கயிற்றை மாட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். யும்னா இடுப்புவாரை எடுத்து ரமீஸிடம் நீட்டினாள். ரமீஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான்.

“அவனுக்கு நேத்துலேருந்து கை சுளுக்கு” என்று மைமூன் முந்திக்கொண்டாள். “நான் ஏறுறேன். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இது வரும்.”

வாரைக் கட்டிக்கொண்டு இரண்டடி ஏறிவிட்டு ‘அப்பாடா’ என்று இறங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. ஐம்பத்தெட்டு வயதில் இறங்குவதை விட ஏறுவதே சுலபம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கீழே பார்க்கப் பயந்து மேலே போனாள், மேலே போகப் போக இன்னும் பயந்தாள். இரண்டு ஆள் உயரத்தில் கால் வழுக்க, கயிறு இறுகி, கிணற்றுவாளியாக அந்தரத்தில் தொங்கினாள்.

“யா அல்லாஹ்! இறக்கு புள்ள!”

கீழே கயிற்றைப் பிடித்திருந்த யும்னா அசையவில்லை. “பயப்படாதீங்க மாமி. கயிறு சேஃப், நான் புடிச்சிருக்கேன். உண்மையச் சொல்லுங்க, இறக்கிடறேன். இவரு ஒரு தடவையாவது பாறை ஏறியிருக்காரா?”

பெண் பார்க்கப் போன இடத்தில் மைமூன் எத்தனையோ பெண்களைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறாள். அந்தரத்தில் யாரையும் தொங்கவிட்டுக் கேட்டதில்லை.

“இல்ல.”

“ஐந்தடி ஒன்பது?”

“ஷூவோட... ஏழு.”

“சமையல்?”

“மெகி மீ நூடுல்ஸ் மட்டும்!”

“கோபம்?”

“அது பொய்யில்லம்மா, நெசமாவே வராது. சத்தியமா.” நல்ல பிள்ளை அவன். அதை மட்டும் எழுதினால் யார் படிக்கிறார்கள் என்றுதான் பாறையை எழுதினாள்.

யும்னா சிரிக்கவில்லை. “கடைசிக் கேள்வி மாமி. பாறை இல்லன்னா, இவருக்கு வேற என்னதான் புடிக்கும்?”

மைமூன் பதில் தேடினாள். ஆட்டுக்கறி என்று சொல்லலாம், அது அவனுடைய வாப்பாவுக்குப் பிடித்தது. கிரிக்கெட் என்று சொல்லலாம், அது அவள் அண்ணன் மகனுக்கு. முப்பத்திரண்டு வருஷம் வளர்த்திருக்கிறாள். தெரியவில்லை. தொடையில் வார் அறுப்பதைவிட அது வலித்தது.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள். “அவன்கிட்டயே கேளு.”

ரமீஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, “பஸ்” என்றான்.

“பஸ்ஸா?”

“ஞாயித்துக்கிழமை வாப்பாவோட கடைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிடுவேன். லிட்டில் இந்தியாவுல அறுபத்தேழுல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வருவேன். டபுள் டெக்கர்லா. மேல, முன் சீட்டு. மரக்கிளை எல்லாம் கண்ணாடியில வந்து உரசும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

“மேல முன் சீட்டு சும்மா கிடைக்காதே. அதுக்கு என்ன பண்ணுவீங்க?”

“ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நிப்பேன்.”

யும்னா கயிற்றை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே அவன் பக்கம் திரும்பினாள். “வேற எந்த ரூட் நல்லா இருக்கும்?”

ரமீஸ் சொன்னான். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். எது கடலோரம் போகும், எது காட்டுக்குள் நுழையும், மழையில் எதில் போக வேண்டும். ஏழு வீட்டிலும் சேர்த்து அவன் இத்தனை பேசியதில்லை.

மேலே வார் மைமூனின் தொடையை அறுத்தது. ஒரு காலணி கழன்று எங்கோ விழுந்துவிட்டது. எறும்பொன்று கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும், இறக்கிவிடுவார்கள், கீழே நடக்கும் பேச்சும் அறுந்துவிடும்.

அவள் பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் தொங்கினாள்.