தழும்பு படிக்கிறவன்

அண்ணனின் நடுநெற்றியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை அழுத்தினான் தணிகைவேல். அங்கிருந்த பழைய தழும்பு மறைந்துபோனது.

வாசலில் கூட்டம் நெரிந்தது. ஆம்பூரில் பாதி வந்திருந்தது. எல்லாரும் அண்ணன் கோவிந்தராஜ் வாத்தியாரிடம் அறிவியல் படித்தவர்கள். நாம் செத்தால் நாலு பேராவது வருவார்களா என்று நினைத்தான். செத்தவன்மேல் பொறாமைப்படுவது அசிங்கம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

இருபத்தைந்து வருஷமாக டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை அவனுக்கு. அண்ணன் ஒருநாள்கூட அவனைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் கூட்டிப்போனதில்லை. தோல் நாற்றமடிக்கிற தம்பி என்றால் வாத்தியாருக்குக் கௌரவக் குறைச்சல்தானே.

வேலூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் மனோரமா அருகில் வந்தாள். அவளும் பழைய மாணவி.

"நீங்கதான டேனரில இருக்கிற தம்பி?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"நிலாப் பாடம் எடுத்தா சார் ஒரு ஆட்டுத்தோலக் காட்டி உங்களத்தான் சொல்வாரு. தோல்ல எந்தக் காயம் பழசு, எது அதுமேல அப்புறம் பட்டதுன்னு என் தம்பி தடவியே சொல்லிடுவான், நிலாவயும் அப்படித்தான் படிக்கணும்பாரு. சூரியனும் பூமியும் உண்டான புதுசுல கல்லு மழையா விழுந்து பூமிலயும் நிலாவுலயும் பள்ளம் பள்ளமாச்சாம். பூமில பட்டத மழையும் ஆறும் அழிச்சிடுச்சு. நிலாவுல காத்தும் இல்ல, மழையும் இல்ல. எல்லாம் அப்படியே இருக்கு. பெரிய பள்ளத்துக்குள்ள சின்னது இருந்தா, பெரிசுதான் மூத்தது. பெரிய அடியெல்லாம் ஆரம்பத்துலயே ஜாஸ்தியா விழுந்திடுச்சும்பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முதல் மார்க் வாங்கின என்னயே அவ்ளோ பாராட்டினதில்ல. உங்கமேல எங்களுக்கெல்லாம் பொறாமை."

ஒருமுறை அண்ணன், கழித்துப்போட்ட ஆட்டுத்தோல் ஒன்று கேட்டது நினைவு வந்தது. வாத்தியாருக்குக் கழிசல் எதுக்கு என்று முகத்தில் விட்டெறியாத குறையாகக் கொடுத்திருந்தான்.

"ஊருக்கெல்லாம் சொன்னவன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றான்.

"தணிகை, தூக்கலாமா?" யாரோ கேட்டார்கள்.

"இருங்க."

குனிந்து காசை எடுத்தான். சந்தனத்தை வழித்தான். அண்ணனுக்கு மட்டும் அப்பா காம்பஸ் பெட்டி வாங்கித் தந்த அன்று, எட்டு வயதில் தணிகைவேல் வீசிய கல் பட்ட இடம். படியில் விழுந்துட்டேன் என்றுதான் அண்ணன் கடைசிவரை சொன்னான்.

வேலையில் செய்வதுபோலக் கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தடவினான். பிறகு காசை ஒரு விரற்கடை மேலே ஏற்றி ஒட்டினான்.

"ம், தூக்குங்க."