கடைசிக்குக் கடைசி

விலை படியவில்லை என்றால் எழுந்து நடக்க வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். மூன்றாவது படியில் கால் வைப்பதற்குள் கடைக்குள்ளிருந்து "சரி, வாங்க" என்று குரல் வரும். அப்பாவின் துணிக்கடையில் வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போகிறவரின் முதுகைப் பார்த்தே அப்பா சொல்லிவிடுவார், இவர் திரும்புவார், இவர் நிஜமாகவே போகிறார் என்று.

இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு, குழாயும் வால்வும் மொத்தமாக விற்கும் நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் கொள்முதல் அதிகாரியாக இருந்தேன். வாங்குவது ஒருவரிடம்தான். ஆனால் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசுவேன். பெரிய பையோடு வரும் ஒரு விற்பனைக்காரரை ஒரு மழைக்காலம் முழுக்க நாலு தடவை வரவழைத்திருக்கிறேன். அவரிடம் ஒரு வளையம்கூட வாங்கும் எண்ணம் இல்லை. அவர் எழுதிக்கொடுக்கும் விலைப்பட்டியலை இன்னொருவரின் மூக்குக்கு முன்னால் ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த இன்னொருவர் நொந்துபோய்ச் சொல்லும் விலைக்கும் நான் விடமாட்டேன். "இது கடைசி. கடைசிக்குக் கடைசி என்ன, அதைச் சொல்லுங்க" என்பேன். அலுவலகமே சிரிக்கும். போன வருடம் முதலாளியின் மருமகள் கணினியோடு எனக்கு எதிர்மேஜையில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். "அங்கிள், இத நான் எழுதி வச்சுக்கறேன்" என்றாள்.

மூன்று வருடமாக எனக்குச் சம்பளம் ஏறவில்லை. கேட்டால் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். எனக்கே ஒரு போட்டி விலைப்பட்டியல் தேவை என்று புரிந்தது. வேறொரு நிறுவனத்தின் வேலைக் கடிதம். அதைக் காட்டினால் மனிதர் படிவார்.

"வேலைய விட்டுட்டு வேலை தேடாதீங்க" என்றாள் மனைவி.

"தேடவே போறதில்ல. காட்டத்தான் போறேன்."

"காட்டுறதுக்கு நீங்க என்ன பொம்மைக் கடையா?"

அவள் தம்பியை நாங்கள் லேப்டாப்பு என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிடும்போதும் மடியில் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வேலை தேடும் தளத்தைத் திறந்து எனக்கு ஒரு கணக்கு தொடங்கினான்.

"மாமா, உங்க திறமை என்னன்னு கேக்குது."

"பேரம்னு போடு."

"அப்படி எதுவும் இல்ல. 'பேச்சுவார்த்தைத் திறன்'னு ஒண்ணு இருக்கு."

"அது ரெண்டு நாட்டுக்காரங்க உக்காந்து பண்றதுடா. சரி, போடு."

"சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ வேணும்."

"வாங்க வந்தவன் சிரிச்சா விலை ஏறிடும். பாஸ்போர்ட் போட்டோவே போதும்."

"இப்ப வேலை பாக்குற கம்பெனி கண்ணுல படாம மறைக்கவான்னு கேக்குது."

"மறை. நல்லா மறை."

அவன் எங்கள் நிறுவனத்தின் பெயரை அடித்து, பக்கத்திலிருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டான். வேலை முடிந்தது என்று டீ குடித்தோம்.

நாற்பது விண்ணப்பம் போட்டோம். முப்பத்தொன்பதுக்கு மூச்சே இல்லை. நாற்பதாவது, 'பெயர் வெளியிட விரும்பாத முன்னணி நிறுவனம்'. கட்டுமானப் பொருட்கள், கொள்முதல் அதிகாரி, பதினைந்து வருட அனுபவம் அவசியம். தளத்தின் வழியாகவே செய்தி வந்தது. எழுதுகிறவர் பெயர் இல்லை, 'மனிதவளப் பிரிவு' என்று மட்டும் இருந்தது. இருபது நிமிடம் போனில் ஒரு குரல் வேலையைப் பற்றிக் கேட்டது. கரகரப்பான ஆண் குரல், கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். அப்புறம் தளத்திலேயே எழுத்தில் சம்பளப் பேச்சு ஆரம்பித்தது.

ஒன்பது நாள் நடந்தது அது. நான் வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு கேட்டேன். அவர்கள் என் சம்பளத்துக்குச் சற்றுமேல் ஆரம்பித்தார்கள். நான் இறங்கினேன், அவர்கள் நூல் நூலாக ஏறினார்கள். பயணப்படிக்கே இரண்டு நாள். நான் ஒரு நாள் பதில் போடாமல் இருந்தேன், அவர்கள் ஒன்றரை நாள் இருந்தார்கள். எட்டாம் நாள் நான் ஒரு தொகை எழுதி, இதற்குக் கீழே முடியாது என்றேன். பதில் வந்தது: "இது கடைசி. கடைசிக்குக் கடைசி என்ன?"

லேப்டாப்பு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, உங்க ஆளுங்க அங்கயும் இருக்காங்க."

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சொந்தக்காரரை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது. உடனே ஒத்துக்கொண்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இவ்வளவு இழுப்பவர்கள் வாங்காமல் போவார்களா? பையோடு வந்த அந்த விற்பனைக்காரரும் நாலாவது தடவை படியேறும்போது இதைத்தான் நினைத்திருப்பார். அப்போது எனக்கு அவர் ஞாபகம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. கேள்விப்படாத பெயர், பளபளவென்று ஒரு முத்திரை, என் சம்பளத்தைவிடக் கால் பங்கு அதிகம். சேரும் இடம் பின்னர் தெரிவிக்கப்படும் என்று கீழே ஒரு வரி.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய், போனில் கடிதத்தைத் திறந்து மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, நிதானமாகப் படித்தார்.

"நல்ல கம்பெனியா தெரியுது" என்றார்.

"கூப்பிடறாங்க. எனக்குத்தான் மனசு வரல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன்."

"உங்க முன்னேற்றத்துல நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

"அப்ப எழுதிக் குடுத்துடட்டுமா?"

"பேப்பர் இருக்கா, தரவா?"

இதுதான் எழுந்து நடக்க வேண்டிய இடம். எழுதினேன். கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினேன். எழுந்தேன். நாற்காலியைச் சத்தம் வரும்படி உள்ளே தள்ளினேன். எதிர்மேஜைப் பெண் தலை நிமிரவில்லை. எங்கள் அலுவலகம் மாடியில், கீழே வர பதினான்கு படி. மூன்றாவது படியில் நின்று சட்டைப் பையில் எதையோ தேடினேன். ஏழாவதில் செருப்பு வாரைச் சரிசெய்தேன். பதினான்காவது படியில் நிற்கும்போது மேலே கதவு திறந்தது.

ஆபீஸ் உதவியாளர் எட்டிப் பார்த்தார். "சார், உங்க சாப்பாட்டு டப்பா இங்கயே இருக்கு. முதலாளி குடுத்தனுப்பச் சொன்னாரு."

மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. டப்பாவை வாங்கிக் கழுவினாள். "அங்க சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது" என்றாள்.

எனக்குப் பயமில்லை. காட்டத்தான் வாங்கினேன், கட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நஷ்டமொன்றும் இல்லை, கால் பங்கு அதிகம்.

சேர வேண்டிய நாள் காலையில், இடத்தைக் காட்டும் வரைபடக் குறி ஒன்று போனுக்கு வந்தது. லேப்டாப்பு பைக்கில் கூட்டிப்போனான். புதுச் சட்டை, பைக்குள் சான்றிதழ்கள். அவன் காதிலிருந்த கருவி 'இடப்புறம் திரும்பவும்' என்று சொல்வதற்கு முன்பே எனக்கு அந்தத் திருப்பம் தெரிந்திருந்தது. டயர் கடை, அதை ஒட்டி எடைமேடை, அப்புறம் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தாண்டி வண்டி நின்றது.

எங்கள் பழைய கிடங்கு. ஆறு வருடத்துக்கு முன் வாடகை பேசி முடித்தவனே நான்தான். ஷட்டர் மூடியிருந்தது. மேலே புதிதாக ஒரு பலகை, கடிதத்தில் இருந்த அதே பெயர். காவல்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"வாங்க சார். என்ன இந்தப் பக்கம்?"

"இது யார் மாட்டுன போர்டு?"

"நம்ம முதலாளிதான். மருமகப்பொண்ணு பேர்ல புதுக் கம்பெனியாம். உள்ள ஒண்ணும் இல்ல சார், எலிதான் இருக்கு."

ஒரு பெயரில் விற்று, இன்னொரு பெயரில் வாடகை கொடுக்கும் மனிதர் எங்கள் முதலாளி. அவருடைய அத்தனை பெயருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் செய்ய ஆர்டர் கொடுத்தவன் நான். அப்படிப்பட்ட நான் தளத்தில் ஒரே ஒரு பெயரிடமிருந்து ஒளிந்துகொண்டேன்.

அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தார்.

"அந்த போஸ்ட்ட இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம்" என்றார். "மார்க்கெட் சரியில்ல."

"பத்தொன்பது வருஷம் சார்."

"நானா வேலைய விட்டு அனுப்பியிருந்தா வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம் சட்டப்படி எண்ணி வச்சிருப்பேன். நீங்களா எழுதிக் குடுத்தீங்க. நாந்தான் பேப்பர் குடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"ஒன்பது நாள் பேசுனது?"

"போன்ல கேட்டது மட்டும் வெளி ஆளு. மத்ததெல்லாம் மருமக. உங்களப் பாத்துப் பழகினது. நல்லாப் பேசுதுல்ல?" கொஞ்சம் இருமினார். "உங்க சீட்டுக்கு ஆள் எடுக்கறோம். அதே வெப்சைட்ல போட்டிருக்கு. விருப்பம் இருந்தா போடுங்க. எல்லாரும் போடற மாதிரி."

பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் காலை தளத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: 'உங்களுக்கு 98 சதவீதம் பொருந்தும் வேலை!' என் மேஜை. என் நாற்காலி. நான் எழுதிவைத்த வேலைப் பட்டியல், அதிலிருந்த எழுத்துப்பிழையோடு. சம்பளம் மட்டும் 'பேசித் தீர்மானிக்கப்படும்'. மீதி இரண்டு சதவீதம் என் வயதாக இருக்க வேண்டும். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார்கள்.

லேப்டாப்பைக் கூப்பிட்டேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"வேணாம் மாமா" என்றான் அவன்.

"திற."

திறந்தான். பெயர், அனுபவம், படிப்பு எல்லாம் தானாகவே நிரம்பிக்கொண்டன. ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது. எதிர்பார்க்கும் சம்பளம்.

"என்ன போடட்டும்?"

மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பழைய சம்பளத்தில் கால் பங்கு குறைத்து ஒரு தொகை சொன்னேன். அடித்தான். அனுப்பும் முன் திரையில் ஒரு மஞ்சள் பெட்டி எழுந்தது: 'நீங்கள் கேட்கும் தொகை, 61 விண்ணப்பதாரர்கள் கேட்பதைவிட அதிகம். மாற்ற விரும்புகிறீர்களா?'

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"கடைசிக்குக் கடைசி என்ன மாமா?"

சொன்னேன்.