காத்தாயி தூங்கிய ஐந்து இரவுகள்

1.

இந்தக் கதை என் கோள்மூட்டலில் பிறந்தது. அதை மறைக்க மாட்டேன். இலங்கையில் தமிழர்களை அடித்த எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற எங்கள் வரிசைவீட்டில் பக்கத்துக் காம்பராக்காரி காத்தாயி எத்தனை ரொட்டி தின்கிறாள் என்று எண்ணித் தோட்டத் தலைவரிடம் சொன்னவள் நான்தான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘மெலிந்த, சோகமான கண்களுடைய காத்தாயி...’

அடித்துவிட்டேன். பொய். காத்தாயி குண்டு. அவள் வாசலில் நின்றால் காம்பராவுக்குள் வெளிச்சம் வராது. அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளை மெலியவைத்து உங்கள் அனுதாபத்தை வாங்க எனக்கு இஷ்டமில்லை.

2.

கலவரத்துக்குப் பின் லயத்துக்கு லயம் ராக்காவல் போட்டார்கள். ஆண்கள் முறைவைத்து மாறினார்கள். காத்தாயிக்கு மட்டும் மாற்று இல்லை. அவள் ஒரு சத்தம் போட்டால் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு வரை கேட்கும் என்று தினமும் அவளையே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். பகலில் கொழுந்து பறித்தாள், இரவில் காவல் நின்றாள்.

காவல் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு வீடும் ஒரு ரொட்டி கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் காத்தாயி இன்னும் பெருத்தாள், மற்றக் காவல்காரர்களுக்கு ரொட்டி மிஞ்சவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒருவர் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் வயிற்றில் பூச்சி என்பதுதான் முடிவு. மருந்துக்காரர் மூன்று தடவை பூச்சி மருந்து கொடுத்தார். ஒரு பூச்சியும் விழவில்லை. மறுநாள் அவளுக்கு இன்னும் பசித்தது.

3.

(இங்கே என்னை நல்லவளாகக் காட்ட ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

தலைவர் மாணிக்கவாசகம் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். தோட்டத்துப் பிணக்குகளைத் தீர்ப்பவர், ஆள் ஈர்க்குச்சி. நான் எழுந்து, நேற்று ராத்திரி பதினொரு ரொட்டி என்றேன். யாரோ ‘திருட்டுத் தீனி’ என்றார்கள். காத்தாயி எழுந்தாள்.

“எனக்கு வயிறு பெருசுதாங்க. அதுக்காக நா திருடி இல்ல. பொங்கலுக்குக் காவலுக்கு வராம, பயந்து பயந்து நாவுல ஊருக்குப் போயி அக்கா வீட்டுல நாலு நாளு நல்லா தூங்குனேன். ரெண்டு ரொட்டிக்கு மேல எறங்கல. முழிச்சிருந்தாத்தான் இந்தப் பசி. அஞ்சு ராத்திரி என்னைத் தூங்க விடுங்க. ஆறாம் நாளு காலையில எல்லாரும் பாக்க ரொட்டி வைங்க. மூணுக்கு மேல தின்னா நா லயத்தை விட்டே போயிடுறேன்.”

அந்த நாட்களில் லயத்தை விட்டு எங்கே போவது? ரோட்டில் இறங்கவே பயந்த காலம்.

4.

* கட்டுரை மாதிரி ஒரு குறிப்பு. தூக்கம் குறைந்தால் பசி கூடும், பருத்த உடம்பில் இரண்டும் ஒன்றையொன்று கிளறிவிடும் என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டும். எங்கள் காத்தாயி அதைத் தன் உடம்பைக் கவனித்தே கண்டுபிடித்தாள். இதை எழுதும்போது என் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது.

5.

ஐந்து இரவும் அவளுக்குப் பதில் தலைவரே காவல் நின்றார். வீம்பு. சுவருக்கு அப்பால் காத்தாயியின் குறட்டை கேட்டது.

ஆறாம் நாள் காலை, ஒரே தட்டில் பத்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். ஒன்று தின்றாள். இரண்டு. மூன்றாவதைப் பிய்த்தபோது எனக்கு வியர்த்தது. அவள் தோற்க வேண்டும் என்று வந்தவள் நான். ‘போதும் அக்கா, நிறுத்து’ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். “முடியலைங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பேசிக்கொண்டே தின்றார். ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவதைப் பிய்த்தபோதுதான் ஊரே தன் வாயைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

6.

முடிவு ஒன்று: ‘தலைவர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார்.’ கேட்கவில்லை. ஏப்பம் விட்டார்.

முடிவு இரண்டு: ‘காத்தாயி நாளடைவில் மெலிந்து...’ சீ. அவள் மெலிந்தால்தான் ஜெயித்தாள் என்று நீங்கள் ஒப்புவீர்களா?

நடந்தது இவ்வளவுதான். அன்று சாயங்காலம் தலைவர் அவள் வாசலுக்கு வந்தார்.

“நீ காவல்ல இல்லாம சனம் தூங்க மாட்டேங்குது, காத்தாயி. ராத்திரிக்கு வர்றியா?”

லயமே சுற்றி நின்று பார்த்தது. பிள்ளைகளும் நின்றார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லு புஷ்பவதி. நா முழிக்கவா, தூங்கவா?”

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். அவள் விழித்தால் லயம் தூங்கும், அவளுக்குப் பசிக்கும், நாங்கள் மறுபடி வாய்க்கு வந்தபடி பேசுவோம். அவள் தூங்கினால்...

நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை. இன்று ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, நாளைக் காலை சொல்லுங்கள். தூங்காத ஆட்கள் கையில் காத்தாயியை இன்னொரு தடவை கொடுக்க மாட்டேன்.