வீடு தெரியும்

"முழுகித் தொலைங்க" என்று சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் எனக்கு ஆறு வாரம் கவுன்சிலிங்.

தண்ணீர்க் குழாய்ப் புகார் அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே சீட்டு, அதே போன். அன்றைக்கு ஒருத்தன் குளியலறையில் தண்ணீர் கொட்டுகிறது என்று கூப்பிட்டான். மெயின் வால்வை மூடுங்கள் என்றேன். மூடுவது உன் வேலை என்றான். ஆள் வந்துகொண்டிருக்கிறார், அதுவரைக்கும் மூடிவையுங்கள் என்றேன். என் படிப்பு, என் வளர்ப்பு, என்னைப் பெற்றவள் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் எடுத்து அலசிக் காயப்போட்டான். பதினோரு நிமிஷம் பொறுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

எங்கள் அழைப்புகள் எல்லாமே பதிவாகும். மேனேஜர் அதைப் போட்டுக் காட்டிவிட்டு, "இது ஆபீஸ்மா. குழாயடி இல்லை" என்றார். எந்த அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

"கவுன்சிலரை ஆறு தடவை போய்ப் பாருங்க. போன்ல உட்காரலாம்னு அவங்க லெட்டர் கொடுத்தா பழைய சீட்டு. இல்லேன்னா ரெக்கார்டு ரூம்தான். என் கையில எதுவும் இல்லை."

ரெக்கார்டு ரூமில் போன் கிடையாது. பழைய புகார் அட்டைகளை வருஷவாரியாக அடுக்கும் இடம் அது. அங்கே போனாலும் சம்பளம் இதேதான். பக்கத்து சீட்டுக்காரி, "கத்தல் கேட்க வேண்டாம், நிம்மதியா இருக்கலாம், கொடுத்து வச்சவ நீ" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. யாருக்குமே தெரியாது.

நான் வீடு வரைகிறவள்.

போனில் வருகிறவர்கள் குழாயைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வீடு பேசிக்கொண்டே இருக்கும். "இருங்க, பார்த்துட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டுப் போவார்கள். செருப்புச் சத்தம் எட்டு அடி போய்த் திரும்பும். ஒரு படி ஏறும். கதவு தரையில் உரசும். குரல் திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மாறினால் சுவரெல்லாம் டைல்ஸ். குரல் அமுங்கினால் திரைச்சீலை, துணி, மெத்தை. ஃபிரிட்ஜ் எந்தப் பக்கம் உறுமுகிறது, தெரு எந்தப் பக்கம் இரைகிறது, குழந்தை எந்த அறையில் சிணுங்குகிறது, எல்லாவற்றையும் வைத்து அந்த வீட்டின் வரைபடத்தைப் போட்டுவிடுவேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரைக்கும். மறுநாள் அங்கே குழாயைச் சரிசெய்துவிட்டு வந்த ஃபிட்டரைப் பிடித்து, "அந்த வீடு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்பேன். வம்பளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் மூச்சு விடாமல் சொல்வார். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும். இப்படிப் பதினான்கு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. அந்தச் சீட்டு போனால் அதுவும் போகும். வேறெதையும் நினைத்து நான் கவலைப்படவில்லை.

கவுன்சிலர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, சத்தம் வராத கடிகாரம். நான் என்ன சொன்னாலும் "உம்" என்பாள். கதை கேட்கும் குழந்தைக்கு நடுவில் தூக்கம் வந்துவிட்டதா என்று நாம் பார்ப்போமே, அப்படி நான் அவளை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். மனதுக்குள் உம்கொட்டி என்று பெயர் வைத்தேன்.

முதல் நாளே கேட்டாள்: "வேலை, வீடு இதெல்லாம் தாண்டி, உங்களுக்குன்னு என்ன பிடிக்கும்?"

"செடி வளர்ப்பேன் மேடம்."

"உம். என்ன செடி?"

எனக்குப் பச்சையாக இருப்பதெல்லாம் ஒரே செடிதான். "பச்சையா, சின்னதா இருக்கும்" என்றேன். எழுதிக்கொண்டாள். இரண்டாவது வாரம் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பூத்திருக்கிறது என்றேன். மூன்றாவது வாரம் என்ன நிறத்தில் பூ என்று கேட்டாள். அந்த வாரமே செடியைச் சாகடித்துவிட்டேன். அதற்கும் "உம்" என்று சொல்லி, கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

நான்காவது வாரம் பேனாவை மூடி வைத்துவிட்டு நேராகப் பேசினாள். "நீங்க எதையோ மறைக்கிறீங்க. செடி பொய்னு எனக்குத் தெரியும். மறைக்கிறது உங்க உரிமை. ஆனா உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாம, நீங்க நல்லா இருக்கீங்கன்னு நான் எப்படி லெட்டர் எழுதுறது?"

நியாயமான கேள்விதான்.

வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். என் இருப்பு அக்கா வீட்டில்தான். அம்மா போனபிறகு பதினாறு வருஷமாக அங்கேதான். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் நடையில், இஸ்திரி மேஜையை ஒட்டி என் கட்டில். தண்ணீர் குடிக்கப் போகிற ஒவ்வொருவரும் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அந்தம்மாகிட்ட தினம் என்னத்தடி சொல்லிட்டு வர்றே?"

"தினம் இல்லக்கா, வாரம் ஒருநாள்."

"என்னமோ. எங்களைப் பத்தி எதையாவது சொல்லித் தொலைக்காதே. மாமாவுக்குத் தெரிஞ்சா பிரஷர் ஏறிடும். நாங்க உன்னை என்ன கொடுமையா படுத்துறோம்?"

"இல்லக்கா."

"அதைச் சொல்லு. அதைச் சொன்னாலே லெட்டர் கொடுத்துடுவாங்க."

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். சொல்லலாமா, வேண்டாமா? தனக்கென்று ஒரு அறை இல்லாதவள் ஊரார் வீட்டை வரைகிறாள். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பா வேண்டும்? எனக்கே தெரிந்த விஷயம். தெரிந்ததை இன்னொருத்தி வாயால் கேட்டு, தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம் நான் வரைவது வீடாக இருக்காது, வியாதியாக ஆகிவிடும். பென்சிலை எடுக்கும்போதெல்லாம் அவளுடைய "உம்" காதில் விழும். இந்தப் பயம்தான் எனக்கு.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல ஆசையாகவும் இருந்தது. பதினான்கு நோட்டு நிறைய வரைந்திருக்கிறேன், ஒரு ஆள் பார்த்ததில்லை. "அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஒரே ஒரு வாய் கேட்டிருந்தால் போதும். நாற்பத்து மூன்று வயதில் இதற்கு ஏங்குவது வெட்கமாக இருந்தது. ஏங்கினேன்.

ஐந்தாவது வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இருப்பதிலேயே நல்லது, ஒன்பதாவது நோட்டு. இரண்டு நாற்காலிக்கும் நடுவே இருந்த மேஜையில் வைத்தேன்.

"மேடம், எனக்குப் பிடிச்சது இதுதான்" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தபிறகு நிறுத்தவே முடியவில்லை. "அவங்க குழாயைப் பத்தித்தான் சொல்வாங்க. ஆனா பின்னாடி வேற சத்தம் எல்லாம் எனக்குக் கேட்கும். வீடே பேசும் மேடம். கொஞ்ச நேரத்துல அந்த வீடு எனக்குத் தெரிஞ்சிடும். எந்தக் கதவு எங்கே, எத்தனை படி, எல்லாம் அப்படியே தெரியும்."

"உம்" என்றாள். ஆனால் இந்த உம் வேறு மாதிரி இருந்தது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக இவளுக்குப் புரிகிறது என்று நினைத்தேன்.

"நீங்க போகாத வீடுமா?"

"ஒரு தடவைகூடப் போனதில்லை மேடம்."

"எத்தனை வருஷமா இப்படித் தெரியுது?"

"பதினெட்டு வருஷம் இருக்கும்" என்றேன், பெருமையாக.

நோட்டின் அட்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னேன். கிளம்பும்போது நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இதுக்கு ரொம்ப தைரியம் வேணும்" என்றாள். தெருவில் நடக்கும்போது எனக்கு உடம்பே லேசாக இருந்தது. பாதி வழியில்தான், அவள் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை என்று உறைத்தது. அடுத்த வாரம் பார்ப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். வழக்கமாக உட்காரச் சொல்ல மாட்டார். அன்றைக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். குரலில் ஒரு குழைவு. கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

'பணியாளர், அழைப்பவர்களின் குரலுக்குப் பின்னால் வேறு சத்தங்கள் தமக்குக் கேட்பதாகவும், வீடுகள் தம்மிடம் பேசுவதாகவும், முன்பின் சென்றிராத வீடுகள் தம் கண்ணுக்குத் தெரிவதாகவும் கூறுகிறார். பதினெட்டு ஆண்டுகளாக இந்நிலை நீடிக்கிறது. தொலைபேசிப் பணி இதை மேலும் தூண்டக்கூடும். குரல்கள் இல்லாத பணி பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவரைப் பார்ப்பது நல்லது.'

"சார், நான் தெரியும்னு சொன்னது அந்தத் தெரியும் இல்லை சார்."

"சரிம்மா."

"கண்ணுக்குத் தெரியுதுன்னு நான் சொல்லலை. எனக்குத் தெரியும்னு சொன்னேன். இப்போ உங்களுக்குக் கணக்குத் தெரியும்னா, கணக்கு வந்து உங்க முன்னாடி நிக்குதுன்னா அர்த்தம்?"

"சரிம்மா, சரிம்மா. டென்ஷன் ஆகாதீங்க." தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"சார், போன் எடுக்கிறவளுக்குக் குரல் கேட்காம வேற என்ன சார் கேட்கும்?"

அவர் கதவைப் பார்த்தார். வெளியே பக்கத்து சீட்டுக்காரி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். பேசப் பேச ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் கடிதத்தின் பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் கையோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் வைத்துக்கொண்டேன். காரணம் சொல்லி என் வீட்டை இடிப்பாள் என்றுதான் பயந்திருந்தேன். அவள் அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்பதற்கென்றே படித்துவிட்டு வந்தவள்!

ரெக்கார்டு ரூமுக்கு வந்த இரண்டாவது நாள், மத்தியானம், செல்போன் அடித்தது. உம்கொட்டி.

"லெட்டர் பார்த்து வருத்தப்பட்டிருப்பீங்க. ஆனா நீங்க சொன்னதைத்தான் நான் எழுதினேன். நோட்ஸ்ல அப்படியே இருக்கு, வார்த்தைக்கு வார்த்தை."

உண்மைதான். எல்லாமே நான் சொன்ன வார்த்தைகள்.

"ஆறாவது சிட்டிங் பாக்கி இருக்கு. இன்னிக்கு நான் வீட்டுல இருக்கேன். போன்லயே பேசிடலாமா?"

"பேசலாம் மேடம்."

ஒரு கதவைத் திறந்து சாத்தினாள். திறக்கும்போது அது பின்னால் ஏதோ இரும்பில் போய் இடித்தது. மெயின் வால்வு. குரல் கிணற்றுக்குள் போனது. சுவர் நான்கிலும் டைல்ஸ். பிளாஸ்டிக் நெரிந்தது, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே ஒரு ஆண் குரல், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றது. "அஞ்சே நிமிஷம்" என்று போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள். இரண்டு அறை, ஒரு ஹால், நிறைய ஆட்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேச அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே இடம் அதுதான். எனக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே இருந்தது. பழைய புகார் அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு, கை தானாக வரைய ஆரம்பித்தது.

அவளுக்குப் பின்னால் சொட்டு விழுந்தது. மூன்று எண்ணுவதற்குள் இன்னொன்று. வாஷர் தேய்ந்துவிட்டது, மரையும் போய்விட்டது. இந்தச் சத்தத்துக்கு ஒரு வாரம் தாங்கும். அப்புறம் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு கொட்டும்.

"ஒண்ணு கேட்கணும்" என்றாள், குரலை ரொம்ப மென்மையாக்கிக்கொண்டு. "இப்போ என்கூடப் பேசிட்டிருக்கீங்க இல்லையா? என் குரலைத் தவிர உங்களுக்கு வேற ஏதாவது கேட்குதா?"

சொட்டு விழுந்தது.

"இல்லை மேடம். எதுவும் கேட்கலை."

"உம். ரொம்ப நல்ல முன்னேற்றம்" என்றாள். சந்தோஷம் அவள் குரலிலேயே தெரிந்தது.

அட்டையில் குளியலறையை வரைந்து முடித்து, குழாய் இருக்கும் இடத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டேன். சொட்டட்டும்.