அருவியில தண்ணி இருக்கா?

மூன்று வருஷமாக நான் போனில் சொன்னது ஒரே பொய்தான்.

“அருவியில தண்ணி இருக்காங்க?”

“ஓ, தாராளமா இருக்கு, வாங்க!”

வந்தவர்கள் வறண்ட பாறையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பெட்டியைத் திறக்காமலே கிளம்பிவிடுவார்கள். முன்பு மழை வந்த மாதத்தில் இப்போது வெயில் கொளுத்துகிறது. மழை வந்தாலும் ஒரேயடியாகக் கொட்டி, பாதையை அடித்துக்கொண்டு போகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மேகம் என் பேச்சையா கேட்கும்?

சுற்றுலா கம்பெனி மேடம் வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் பட்டியலிலிருந்து எங்கள் ஊரை அடித்துவிட்டால் நாங்கள் வாடகைக்கு விடும் நான்கு அறைகளுக்கும் பூட்டுதான். என் வீட்டுக்காரர் மறுபடி தூர தேசத்துக்கு லாரி ஓட்டப் போக வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறைதான் முகம் பார்க்கலாம். அவர் பை ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவேன்.

“டேங்கர் லாரியில தண்ணி கொண்டாந்து மேல இருந்து திறந்து விட்டா, யாருக்கு அண்ணி தெரியப்போகுது?” என்றான் என் கொழுந்தன்.

அப்போதே அவன் தலையில் குட்டியிருக்க வேண்டும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

மேடம் வந்தார். அருவி கொட்டியது. சரியாக எட்டு நிமிஷம் கொட்டி, மெலிந்து, நின்றுபோனது. கடைசியாக ஒரு நீல வாளி உருண்டு வந்தது.

மேலேயிருந்து குரல் கேட்டது: “அண்ணி, போதுமா? லாரி கிளம்பணுமாம்!”

மேடம் என்னைப் பார்த்தார். “அருவியை மூடிட்டாங்களா?”

மானம் கப்பலேறிவிட்டது. அதன் பிறகு எனக்கு என்ன பயம்?

“ஆமாங்க, பொய்தான்! தண்ணி இல்ல. ஆனா தண்ணி இருந்தவரைக்கும் யாரும் பார்க்காத ஒண்ணு உள்ள இருக்கு. ஈரம் படாத பக்கமா என் பின்னாடி வாங்க.”

போன வருஷம் ஆத்திரம் தாங்காமல் அந்தப் பாறையைத் திட்டப் போயிருந்தேன். நான் திட்டியதெல்லாம் பாறைக்குள்ளிருந்து திரும்பி வந்து என்னையே திட்டியது. எட்டிப் பார்த்தால், அருவி விழும் இடத்துக்குப் பின்னால் பெரிய குகை. காய்ந்த பாறையை யார் பார்க்க வருவார்கள் என்று அதைச் சொல்லாமலே விட்டிருந்தேன். எனக்கு வாய் நீளம், புத்திதான் குட்டை.

உள்ளே சில்லென்று இருந்தது. தண்ணீர் தேய்த்துத் தேய்த்துச் சுவரில் சிவப்பும் மஞ்சளுமாகக் கல் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மேடம் தடவிப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “மேனேஜர்! எனக்கு லீவு குடு!” என்று கத்தினார்.

குகை நான்கு முறை லீவு கேட்டது. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“இதைப் போய் மறைச்சு வச்சிருக்கீங்களே! ஆனா உள்ள ஆளு இருக்கும்போது திடீர்னு வெள்ளம் வந்தா?”

“மேல நின்னு பொய்த் தண்ணி விட்டான்ல, அவனே நிஜத் தண்ணிக்கு விசில் ஊதட்டும்.”

மேடம் எங்கள் ஊரைப் பட்டியலில் விட்டுவைத்தார்; இரண்டு மாதம் ஊரே சேர்ந்து வேலை செய்தது. படி வெட்டினோம், கயிறு கட்டினோம், வெளியே மேட்டில் கம்பி வேலி போட்டோம். குகையைத் திறந்த மூன்றாம் நாளே மேலேயிருந்து விசில் கேட்டது. உள்ளே இருந்த பதினொரு பேரும் கயிற்றைப் பிடித்து மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். கால்மணி நேரத்தில் மலையே இடிந்தது போலத் தண்ணீர் இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வந்தவர்கள் கை தட்டினார்கள். என் கொழுந்தன் மேலே நின்று, தானே திறந்துவிட்டது போலக் கும்பிடு போட்டான், படவா.

என் வீட்டுக்காரரின் பையில் இப்போது மாற்றுக் கயிறு இருக்கிறது. அவர்தான் ஆட்களை உள்ளே கூட்டிப் போகிறார்.

இன்று காலையிலும் போன் அடித்தது.

“அருவியில தண்ணி இருக்காங்க?”

“சொட்டுத் தண்ணி இல்லீங்க,” என்றேன் சத்தமாக. “உடனே கிளம்பி வாங்க!”