நாள் பார்த்து வைத்த பாஸ்வேர்டு

போடியில் ஏலக்காய் மண்டி நடத்தும் தங்கபாண்டிக்கு, கம்ப்யூட்டரும் குலசாமிக்குக் கட்டுப்பட்டதுதான். ஆயுத பூஜையன்று நல்ல நேரம் பார்த்து, குலசாமி பெயரோடு மண்டி தொடங்கிய வருடத்தையும் சேர்த்து ஒரு பாஸ்வேர்டு வைத்தார். எடை போடுகிறவர் முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் அதே ஒன்றுதான். அந்தப் பெயரும் வருடமும் மண்டி இனாமாகக் கொடுக்கும் காலண்டரில் கொட்டை எழுத்தில் அச்சாகி, ஊர் ஊராகச் சுவரில் தொங்கின.

"மாத்திருவோம் முதலாளி. முந்நூறு விவசாயிகளோட ஆதார், பாஸ்புக்கு காப்பியெல்லாம் உள்ள கெடக்கு" என்று மூன்று மாதமாகக் கெஞ்சினாள், அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் எப்சிபா. எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தாள். அவர் அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டார்.

"நாள் பாத்து வச்சத மாத்தக் கூடாது ஆத்தா. போடிக்கு வந்து எவன் திருடப் போறான்?"

திருடன் போடிக்கு வரவே வேண்டாம் என்பதை அந்த மனிதர் மண்டையில் யார் ஏற்றுவது?

திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டருக்குள் யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள் எப்சிபா. ஞாயிற்றுக்கிழமை எவனோ ஒருவன் அதே பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்து, மொத்தக் காப்பிகளையும் அள்ளிப் போயிருந்தான். இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு முதலாளியிடம் ஓடினாள்.

தங்கபாண்டி கதவைச் சாத்தினார். "வெளிய மூச்சு விடாத. பேரு கெட்டா ஒருத்தனும் இங்கன காய் கொண்டுவர மாட்டான்."

"சொல்லலன்னா அவுக அக்கவுண்ட வழிச்சிட்டுப் போயிருவான் முதலாளி."

"சொன்னா உனக்கு வேலை இல்ல."

மூன்று மாதம் கெஞ்சியவள் இனியும் கெஞ்சுவாளா? அவர் கண் முன்னாலேயே போனை எடுத்து முந்நூறு பேருக்கும் அனுப்பினாள்: 'உங்கள் ஆதார், பாஸ்புக் நகல்கள் நம் மண்டியிலிருந்து திருடுபோய்விட்டன. மண்டி பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். எப்சிபா.' அடுத்து, அரசாங்கத்தின் சைபர் குற்றப் பிரிவுக்கும் புகார் அனுப்பினாள்.

"வெளிய போ!"

அவள் பையை எடுக்கும்போது மண்டி போன் அடித்தது. தங்கபாண்டியே வெடுக்கென்று எடுத்தார். மேகமலையில் ஒன்றரை ஏக்கர் ஏலக்காய் வைத்திருக்கும் மொக்கம்மாள்.

"மொதலாளி, ஏதோ மெசேஜ் வந்திருக்கு, எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மக போனுல உங்க ஆபீசுன்னு ஒருத்தர் பேசுறாக. என் ஆதார் நம்பரெல்லாம் சரியாச் சொல்றாக. இப்ப வந்த ஓடிபிய கேக்குறாக. சொல்லிரவா?"

எப்சிபா கையை நீட்டினாள். அவர் போனைத் தரவில்லை.

"சொல்லாத ஆத்தா! மக போன மொதல்ல வையி! அவன் திருடன்... என் மண்டியிலதான் திருடுனான்."