ஒரு கண்ணி குறைகிறது

தங்கச்சாமியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். உள்ளே புளியங்கொட்டை அளவில் கருகிய இரும்புத் துண்டு. எட்டு மாதமாகக் கல்யாண வீடு, துட்டி வீடு எங்கே போனாலும் அதைப் பிரித்துக் காட்டுவார்.

"வேலுத்தாய் இடுப்புல சொருகிட்டுப் போன சாவி வளையத்துல ஒடஞ்சது இது. மருந்து கலக்குற ரூமுக்குள்ள இரும்பைக் கொண்டுபோனா தீப்பிடிக்காம என்ன செய்யும்? கம்பெனி மேல ஒரு குத்தமும் இல்ல."

எம். புதுப்பட்டியில் இருக்கும் அவருடைய பட்டாசுக் கம்பெனி வாசலில் ஆணி அடித்த பலகை ஒன்று உண்டு. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் சாவி, ஊக்கு, மெட்டி, கடிகாரம் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுத் தம் ஆணியில் தொங்கவிட வேண்டும். அவருடைய அப்பா வைத்த சட்டம். முதல் ஆணி முதலாளி வீட்டுக்கு. நாற்பத்திரண்டு வருடத்தில் தன் கடிகாரத்தை அதில் மாட்டாமல் தங்கச்சாமி ஒரு நாளும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

கலவை அறை தீப்பற்றிய அன்று வேலுத்தாயின் வலது கை வெந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. "சாவிய ஆணியிலதான் தொங்கவிட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே சொன்னாள். ஆட்கள் அலறி ஓடியதில் பலகை சாய்ந்து சாமான்கள் சிதறியிருந்தன. அவள் சாவி அகப்படவில்லை. அகப்பட்டது, போர்மேன் முத்துப்பாண்டி சாம்பலிலிருந்து பொறுக்கிக் கொடுத்த இந்தத் துண்டுதான். விசாரணைக்கு வந்த அதிகாரி அதைப் படம் பிடித்துக்கொண்டு, தங்கச்சாமி சொன்னபடியே எழுதிப் போனார்.

இரும்பு கொண்டுபோனவள் என்று பெயர் விழுந்தபின் நாரணாபுரம் வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. மகள் இசைவாணியையும் சேர்க்கவில்லை. மாதம் ஒருமுறை வேலுத்தாய் வாசலில் வந்து நிற்பாள். "சாவி ஆணியில இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, போதும்." தங்கச்சாமி காரைவிட்டு இறங்கமாட்டார்.

பேரனின் காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கையில் மருமகள் பிரீத்தி ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமா, எங்கப்பா கல்யாணத்துக்கு இவுகளுக்குக் குடுத்த வாட்ச். கார் கதவுல மாட்டிச் செயின் அந்து போச்சாம். எட்டு மாசமா பீரோலயே கெடக்கு. அப்பா வந்தா மொதல்ல இவுக கையத்தான் பாப்பாக."

மகன் மணிகண்டராஜ் சீசன் ஆர்டருக்காக வடக்கே போயிருந்தான். சம்பந்தி கொடுத்த சுவிஸ் கடிகாரம் அறுந்து கிடப்பது வீட்டுக்குக் கௌரவம் இல்லை. சிவகாசியில் கொடுத்தால் ஊர் பேசும் என்று தங்கச்சாமி தானே விருதுநகருக்கு எடுத்துப் போனார்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஞானசுந்தரி, புருஷன் போனபிறகு இருபது வருடமாகக் கடிகாரம் பார்க்கிறவள். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு எஃகுச் செயினை விரலில் ஓட்டினாள்.

"கார் கதவா அண்ணாச்சி? கதவு நசுக்கியிருந்தா சப்பையாயிருக்கும். இது எதுலயோ மாட்டி, வெடுக்குன்னு இழுத்து அந்திருக்கு. ஒரு கண்ணி குறையுது."

பிரஷ்ஷால் தட்டினாள். வெள்ளைத் தாளில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று பொடி உதிர்ந்தது. அவள் கை நின்றது.

"இது அலுமினியப் பவுடருல்லா? எங்கக்கா மக அச்சங்குளத்துல மருந்து ரூம்ல இருந்தவ. அவ தலையில இப்படித்தான் மினுங்கும். இதைக் கட்டிக்கிட்டா உள்ள போனாக?"

"எங்க கம்பெனியில அப்படி யாரும் போறதில்ல."

"சரி, எனக்கென்ன. விழுந்த கண்ணி இருந்தா கொண்டாங்க, இன்னைக்கே கோத்துத் தாரேன். இல்லன்னா வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டு வரவழைக்கணும், மூணு மாசமாகும். இந்தா, இதே போலதான் இருக்கும்."

செயினிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றித் தாளில் வைத்தாள். புளியங்கொட்டை அளவு. இரண்டு ஓரத்திலும் ஊசித் துளை.

தங்கச்சாமி அதையே பார்த்தார். பொட்டலத்தில் இருப்பதிலும் இரண்டு துளை உண்டு. சாவி வளையத்தில் துளை எதற்கு என்று இந்த எட்டு மாதத்தில் அவரும் கேட்டுக்கொண்டதில்லை, அதிகாரியும் கேட்டதில்லை. தீப்பிடித்த அன்று காலையில் லாரி ஆபீசுக்குப் போனேன் என்று மணிகண்டராஜ் சொன்னான். மத்தியானம் வரும்போது வேறு சட்டை போட்டிருந்தான். துண்டைக் கொடுக்கும்போது முத்துப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலுத்தாய்க்காகக் கண் கலங்குகிறான் என்று அப்போது நினைத்தார்.

துண்டை ஊருணியில் வீசிவிடலாம். வீசினால் கடிகாரத்தில் ஒரு கண்ணி குறையும், சம்பந்தி கேட்பார். அதிகாரியிடம் கொண்டுபோகலாம். அப்பாவின் படம் கம்பெனி ஆபீசில் தலைக்குமேல் தொங்குகிறது.

பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் கொட்டினார்.

ஞானசுந்தரி கரியைத் துடைத்து, பின்னை ஏற்றிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பாலிஷ் போட்டபின் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தீயில கெடந்த இரும்பு. மத்ததோட சேர்ந்து பளபளக்காது அண்ணாச்சி."

"மாட்டிருங்க."

காதுகுத்து மண்டபத்தில் சம்பந்தி, வடக்கேயிருந்து திரும்பியிருந்த மருமகனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வேலுத்தாய் மகளோடு உள்ளே வந்தாள். வலது கையைச் சேலை முந்தானைக்குள் வைத்திருந்தாள். இடது கையில் ஒரு சாவி.

"கம்பெனி வாசல்ல கெடந்த பழைய ஓட்டுக் குமியல அள்ளையில முத்துப்பாண்டி அண்ணன் எடுத்துக் குடுத்தாகய்யா. பாருங்க, வளையம் முழுசா இருக்கு. நீங்க வச்சிருக்கிற துண்டைக் குடுங்க. நாலு பேரு முன்னால ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துக்கிருவோம்."

சம்பந்தி உற்சாகமாக, "எடுத்துக் காட்டுங்க மச்சான். போன மாசம்கூட எனக்குக் காட்டுனீகளே" என்றார்.

பழக்கத்தில் தங்கச்சாமியின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே காகிதம் மட்டும் இருந்தது.

"தொலைஞ்சு போச்சு" என்றார்.

வேலுத்தாய் ஓரடி முன்னே வந்தாள். "எட்டு மாசமா ஊரெல்லாம் கொண்டு திரிஞ்சீக. நான் வந்து கேக்கையில தொலைஞ்சு போச்சாக்கும்."

"யத்தா, வா போவோம்" என்று இசைவாணி தோளைப் பிடித்தாள். வேலுத்தாய் சாவியை இடது கையாலேயே இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தாள். சாப்பிட்டுப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"ஆபீசரே எழுதிக் குடுத்துட்டாரு, இனி துண்டு எதுக்கு?" என்றார் சம்பந்தி. "நல்ல நேரம் போயிரப் போகுது. மணி என்ன மாப்ள?"

மணிகண்டராஜ் இடது கையை உயர்த்தினான். செயின் முழுவதும் வெளிச்சத்தில் மின்னியது, ஒரு கண்ணியைத் தவிர.

"பத்து இருவது மாமா" என்றான். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். அவர் பார்வை எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டான்.

"ஊசியப் போடுங்க ஆசாரி" என்றார் தங்கச்சாமி. பேரன் வீரிட்டு அழுதான்.